காலை நேரத்துக் கை நடுக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

"ஒழுங்காக வேலைக்குப் போகிறார், யாரிடமும் சண்டை இல்லை, அவரைப் போய் குடிநோயாளி என்பதா?" சித்தப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பல வருடம் இப்படித்தான் பேசினோம். காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கும். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். கொஞ்சம் மது குடித்ததும் நடுக்கம் நின்றுவிடும். அதுதான் பெரிய அறிகுறி என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

குடிநோய் இருக்கிறதா என்று அறிய மருத்துவர்கள் கேட்கும் 'கேஜ்' (CAGE) சோதனையில் நான்கே கேள்விகள். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? அதைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வந்ததா? குற்ற உணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிலைக்கு வர முடிந்ததா? இரண்டுக்கு 'ஆம்' என்றாலே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

அப்புறம், தினமும் நிறையக் குடித்து வந்தவரை அறையில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம், இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை இருக்கிறது. முதலிலேயே அங்கே கூட்டிப் போயிருக்க வேண்டும்.

ஒரு வாசகி, மதுரை