உயர்நிலை இந்தோனேசியப் படிப்பில் ஆசிரியரும் இல்லை, உயர்நிலையும் இல்லை: குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
இணையவழிப் பல்கலைக்கழகப் படிப்புகள் பிரிவு

பொருள்: உயர்நிலை இந்தோனேசிய மொழிப் படிப்பில் வாக்களித்தபடி சேவை தராதது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தருவோம் என்று உங்கள் தளத்தில் போட்டிருப்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். இந்தோனேசியப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் சேர்ந்து நீங்கள் நடத்தும் உயர்நிலைப் படிப்பில் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டிச் சேர்ந்தவன் நான். கட்டண ரசீது, சேரும்போது நீங்கள் அனுப்பிய விவரக் கையேடு, திருத்தி வந்த கட்டுரைகளின் ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். உங்கள் செயலியின் உதவிப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்பதைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஏன் இந்தப் படிப்பைத் தேடி வந்தேன் என்பதைச் சொன்னால்தான் என் குறை உங்களுக்குப் புரியும். தூத்துக்குடியில் நிலக்கரி இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்குச் சரக்கு வருவது இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் மாகாணத்திலிருந்து. அதன் தலைநகர் சமாரிண்டாவில் இருப்பவர்களோடு போனில் பேசிச் சமாளிக்க எனக்கு ஏற்கெனவே தெரிந்த இந்தோனேசியம் போதும். எழுத்தில்தான் சிக்கல். இந்தோனேசியத் தரப்பு சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் இந்தோனேசிய மொழி கட்டாயம் என்று அந்நாட்டின் 2009ஆம் ஆண்டு 24ஆம் எண் சட்டத்தின் 31ஆவது பிரிவு சொல்கிறது. வெறும் ஆங்கிலத்தில் போட்ட ஒரு கடன் ஒப்பந்தத்தை இந்தக் காரணத்துக்காகவே செல்லாது என்று 2013இல் மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கள் கோப்புகளில் இன்று ஒவ்வொரு ஒப்பந்தமும் இரண்டு மொழிகளில் இருப்பதற்கு இதுதான் காரணம். இந்தோனேசியப் பிரதியில் ஒரு செயப்பாட்டு வினை யாரைக் குறிக்கிறது என்று தப்பாகப் புரிந்துகொண்டால், கப்பல் கூடுதலாக நின்ற நாட்களுக்கான டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் யார் தலையில் விழும் என்பதே மாறிவிடும். இந்த அளவுக்கு மொழி வேண்டும் என்று சேரும்போதே உங்கள் ஆலோசகரிடம் விளக்கமாகச் சொன்னேன். "இது உங்களுக்காகவே செய்த படிப்பு சார்" என்றார்.

படிப்பில் என்ன இருந்தது? முதல் அலகுகளில் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வது, கடைக்குப் போவது, வழி கேட்பது. வெளிநாட்டவருக்கான இந்தோனேசியப் பாடத்திட்டத்தில், அதாவது பிபாவில், ஏழு நிலைகள் உண்டு. இதெல்லாம் அதன் தொடக்க நிலைகளில் வருவது. நடுவில் சட்ட மொழிக்கு என்று ஓர் அலகு இருந்தது. அதில் இருந்தது ஒரு வாடகை ஒப்பந்தமும் பத்துக் கேள்விகளும் மட்டும். கேட்டல் பயிற்சியில் ஓர் ஒலிப்பதிவு மலேசியச் செய்தி அறிக்கையிலிருந்து எடுத்தது. அதில் அலுவலகம் என்ற பொருளில் 'பெஜாபாட்' என்று வருகிறது. இந்தோனேசியாவில் அந்தச் சொல் அதிகாரியைக் குறிக்கும். மலாயும் இந்தோனேசியமும் நெருங்கிய மொழிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் உயர்நிலை மாணவருக்கு ஒன்றை மற்றொன்றாகக் கொடுக்கக் கூடாது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக ஆசிரியை ஒருவர் 'கே' முன்னொட்டும் 'ஆன்' பின்னொட்டும் சேர்ந்து வரும் சொற்களைப் பற்றிப் பேசிய காணொளிகள் அருமை. அவரிடம் நேரில் படிக்கக் கிடைத்தால் இன்றைக்கே போய் உட்காருவேன். என் புகார் அவர்மேல் அல்ல. அவரை மாணவரோடு பேசவே விடாத உங்கள் ஏற்பாட்டின் மேல்.

என் முதன்மையான புகார் கட்டுரைத் திருத்தம். "ஒவ்வொரு கட்டுரையும் பல்கலைக்கழக ஆசிரியரால் திருத்தப்படும்" என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. நான் அனுப்பிய கட்டுரைகள் சில நிமிடங்களிலேயே மதிப்பெண்ணோடு திரும்பி வந்தன. எந்த ஆசிரியரும் அந்த வேகத்தில் படிக்க மாட்டார். இணைத்துள்ள இரண்டாவது ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள். "இரு தரப்பும் இந்த ஒப்பந்தத்தை ஆராய்ந்துள்ளன" என்ற பொருளில் 'மெங்க்காஜி' என்ற வினையைப் போட்டிருந்தேன். அதைச் சிவப்பில் அடித்து 'மெஙாஜி' என்று மாற்றியிருக்கிறது உங்கள் மென்பொருள். 'கிரிம்' (அனுப்பு) என்பது 'மெஙிரிம்' ஆவதுபோல், வினை முன்னொட்டு சேரும்போது வேர்ச்சொல்லின் முதல் 'க' மறைய வேண்டும் என்ற பொது விதியை இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டது. ஆனால் 'காஜி' என்ற இந்த வேருக்கு இரண்டு வடிவமும் உண்டு, பொருளும் வேறு. 'மெங்க்காஜி' என்றால் ஆராய்வது, 'மெஙாஜி' என்றால் குர்ஆன் ஓதுவது. இந்தோனேசியப் பேரகராதியான கே.பி.பி.ஐ. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்தால் இரண்டும் இருக்கும். ஒப்பந்தத்தைக் குர்ஆன் ஓதலாக மாற்றித் தந்துவிட்டு, சரியாக எழுதிய எனக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறீர்கள். மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். அதே பதிலும் அதே மதிப்பெண்ணும்தான் வந்தன. எனக்கு இந்தச் சொல் முன்பே தெரியும் என்பதால் தப்பினேன். உங்களை நம்பி முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் மாணவர் தவறான வடிவத்தையே மனப்பாடம் செய்வார். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

பேச்சு வகுப்பின் கதை வேறு. கையேட்டில் "வாரந்தோறும் மாலை 7 மணி" என்றுதான் இருக்கிறது. சேர்ந்த பிறகுதான் அது மேற்கு இந்தோனேசிய நேரம் என்று தெரிந்தது. நமக்கு அப்போது மாலை 5.30. வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்தில் கேமரா முன் உட்கார முடியுமா? இந்தியாவில் விற்கும் படிப்புக்கு இந்திய நேரத்தைப் போடாதது எப்படிச் சரியாகும்? கேட்டபோது, பதிவு செய்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் பேசுவதைப் பார்த்து எனக்குப் பேச்சு வராது.

அதே கையேட்டில், இந்தோனேசிய அரசின் மொழித்திறன் தேர்வான யு.கே.பி.ஐ.யில் 'உங்குல்' நிலைக்கு இந்தப் படிப்பு தயார்படுத்தும் என்றும் இருக்கிறது. ஏழு நிலைகளில் மேலிருந்து மூன்றாவது அது. கேட்டல், மொழி விதி, வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று ஐந்து பகுதிகள் அந்தத் தேர்வில் உண்டு. எழுத்தைத் திருத்த ஆள் இல்லை, பேச நேரம் இல்லை, இறுதித் தேர்வோ சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் மட்டும். இதை வைத்துக்கொண்டு யு.கே.பி.ஐ. பெயரை விளம்பரத்தில் போடுவது மாணவரை ஏமாற்றுவது.

நான் கேட்பது இதுதான். முதலில் பணத்தைக் கேட்கவில்லை, ஆசிரியரைக் கேட்கிறேன். இதுவரை அனுப்பிய கட்டுரைகள் அனைத்தையும் மனிதர் ஒருவர் படித்துத் திருத்தித் தர வேண்டும். பேச்சு வகுப்புக்கு இந்திய நேரம் இரவு 7 மணிக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ ஒரு குழு அமைக்க வேண்டும். மலாய் ஒலிப்பதிவை நீக்கி, திருத்த மென்பொருளின் பிழையை எல்லா மாணவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். முடியாது என்றால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். அடுத்த படிப்புக்கான தள்ளுபடிக் கூப்பன் எனக்கு வேண்டாம்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை.

பதிலை மின்னஞ்சலில், பொறுப்பான ஒருவரின் பெயரோடும் நேரடித் தொலைபேசி எண்ணோடும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உயர்நிலை இந்தோனேசியப் படிப்பில் பதிவு செய்த மாணவர்,
தூத்துக்குடி

இணைப்பு: கட்டண ரசீது, விவரக் கையேடு, திருத்தப்பட்ட கட்டுரைகளின் ஸ்கிரீன்ஷாட்கள், உதவிப் பகுதியில் நடந்த உரையாடல்கள்