பிறந்தபோது எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுநீரகத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருவது ஒன்று, தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள் என்று வரும். இல்லையென்றால் ஆய்வகத்தில் சிறுநீரகம் தயார் என்று கொட்டை எழுத்தில் வரும். முதல் வகை தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு, வாரம் மூன்று நாள் ஈரோட்டுக்கு டயாலிசிஸ் போய்வரும் என் சித்தப்பா பையன் "அப்ப எனக்கும் ஒண்ணு கெடைக்குங்களாக்கா?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஆராய்ச்சி உண்மையானது. ஆஸ்திரேலியாவின் மெலிசா லிட்டில் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் எந்தத் திசுவாகவும் வளரக்கூடிய மனித ஸ்டெம் செல்களிலிருந்து சிறுநீரகத் திசுவை வளர்த்து, 2015இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்டார்கள். ஆனால் அது எடுத்துப் பொருத்துகிற உறுப்பு இல்லை. முதல் மூன்று மாதக் கருவின் சிறுநீரகத்தை ஒத்த ஒரு சின்னத் துணுக்கு, அவ்வளவுதான். அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. பரம்பரைக் கோளாறால் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவரின் செல்லை எடுத்து இப்படித் திசுவாக வளர்க்கிறார்கள், அதே செல்லில் மரபணுவைச் சரிசெய்து இன்னொன்று வளர்க்கிறார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடுகிறது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வருகிற சிறுநீரக நோய்களும் உண்டு. சொந்தத்துக்குள் பெண் எடுப்பது நம் பக்கம் இன்னும் நிற்கவில்லை என்பதால் இது நமக்குத் தூரத்துச் செய்தி கிடையாது.

என்னை உலுக்கியது இன்னொரு விஷயம். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது ஒரு சின்ன மொட்டு பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்து கவைகவையாகப் பிரிகிறது, ஒவ்வொரு நுனியிலும் நெஃப்ரான் என்னும் வடிகட்டி உருவாகிறது. மொட்டும் திசுவும் ஒன்றுக்கொன்று சமிக்ஞை கொடுத்தால்தான் இரண்டுமே வளரும். இந்த வேலை ஏறக்குறைய 36ஆவது வாரத்தோடு முடிந்துவிடுகிறது. நெஃப்ரான்களில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகின்றன. அப்புறம் ஆயுசுக்கும் புதிதாக ஒரு நெஃப்ரான்கூட வராது. ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாகப் பத்து லட்சம் என்றாலும் சிலருக்கு இரண்டு மூன்று லட்சம்தான் இருக்கும், சிலருக்கு இருபது லட்சத்தையும் தாண்டும். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் மாதம் நிறையாமல் பிறந்தவர்களுக்கும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் இருக்கிறவை கூடுதல் பாரம் சுமந்து சீக்கிரம் கெடும், ரத்த அழுத்தமும் ஏறும் என்று பாரி பிரென்னர் என்ற மருத்துவர் 1988லேயே சொன்னார். 2003இல் ஜெர்மனியில், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் எண்ணிப் பார்த்தபோது, ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவான நெஃப்ரான்களே இருந்தன. பார்த்தது சிலரைத்தான், ஆனாலும் வித்தியாசம் அவ்வளவு பெரிது.

இப்போது நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் நர்ஸம்மா தாய் சேய் நல அட்டையில் 1 கிலோ 900 என்று எழுதித் தருகிறார். தடுப்பூசி முடிகிற வரை அந்த அட்டை கைப்பையிலேயே இருக்கும். பிறகு பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் போய்விடும், சில வீடுகளில் அதுவும் இல்லை. முப்பது வயதில் தறி ஓட்டுகிற பையனுக்கு பிரஷர் 160 என்று வரும்போது பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்கிறார்கள். பிறந்தபோது எத்தனை கிலோ, எத்தனை மாதம் என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்கும் தெரியாது. கை கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடுகிற மாத்திரை அவனுடைய சிறுநீரகத்துக்கு மற்றவர்களைவிட ஆபத்தாக இருக்கலாம் என்று சொல்லவும் ஆள் இல்லை.

அதனால் ஐயா, அடுத்த முறை இந்த ஆராய்ச்சியைப் பற்றி எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். எடை குறைந்து அல்லது மாதம் குறைந்து பிறந்த பிள்ளைக்கு மூன்று வயதுக்கு முன்பே ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பனியன் கம்பெனியிலும் தறிப்பட்டறையிலும் எட்டாம் மாதம் வரை நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்களுக்கு, கடைசி மூன்று மாதத்தில் சத்தான சாப்பாடும் ஓய்வும் எதற்காக என்று புரிகிற மாதிரி எழுதுங்கள். அந்த அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம் என்று ஒரு வரி போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னிமலை.