பக்கத்து சீட்டுக்காரரிடம் என்ன சொல்வது? போதகர்களுக்கும் சேகரக் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கும், சபை நிர்வாகம் பார்க்கும் சேகரக் கமிட்டியாருக்கும், சுவிசேஷக் குழுப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தப் பிரசங்கம் வந்துவிடுகிறது. "இந்த வருஷம் எத்தனை பேருக்கு இயேசுவைச் சொன்னீங்க? கையைத் தூக்குங்க பார்ப்போம்." இரண்டு மூன்று கைகள் எழும்பும். மற்றவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். பிறகு அர்ப்பணிப்பு ஜெபம், அடுத்த சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் கைப்பிரதி. அதில் பாதி சாயங்காலத்துக்குள் வடை மடிக்கப் போய்விடும். திங்கட்கிழமை அதே விசுவாசி ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரோடு டீ குடிப்பார். வாயைத் திறக்க மாட்டார்.

இதைப் பக்திக் குறைவு என்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிறோம். இயேசுவைப் பற்றி மற்றவரிடம் பேசக் கற்றுக்கொடுக்கும் சாட்சிப் பயிற்சி வகுப்பைச் சபைகளில் நடத்துகிற எங்கள் கணிப்பு வேறு. அந்த மனுஷருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாம் கற்றுக்கொடுக்கவும் இல்லை.

பயம் வருவதையே பாவம்போலப் பேசுவதை முதலில் நிறுத்துவோம். கொரிந்துவுக்குப் போனபோது "பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும்" இருந்ததாகப் பவுலே எழுதுகிறார் (1 கொரி. 2:3). அப்போஸ்தலர் 4-ஐப் பாருங்கள். 13-ம் வசனத்தில் பேதுரு, யோவானுடைய தைரியத்தைக் கண்டு, அவர்களை விசாரிக்கும் யூத ஆலோசனைச் சங்கமே ஆச்சரியப்படுகிறது. 29-ல் அதே ஆட்கள் சபையோடு உட்கார்ந்து, தைரியம் கொடும் என்று கேட்கிறார்கள். காலையில் இருந்த தைரியம் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதாக இருந்திருக்கிறது. அங்கே வரும் கிரேக்கச் சொல் 'பரேசியா'. கிரேக்க நகரங்களில் குடிமகன் சபையில் எழுந்து, மனதில் உள்ளதை மறைக்காமல் பேசும் உரிமைக்கு அந்தப் பெயர். குரலின் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. சத்தம் என்றதும் ஒன்று: ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிற தெருவில் அதை மீறிவிட்டு, அந்தத் தெருவுக்கு நற்செய்தி சொல்ல முடியாது.

பெரிய தடை நம் பாஷைதான். சபைக்குள் மட்டும் புரிகிற பேச்சை 'கானான் பாஷை' என்று நாமே கேலி செய்கிறோம், விடுவதாக இல்லை. வெளியே இருப்பவர் காதில் அது எப்படி விழுகிறது என்று கொஞ்சம் நின்று கேளுங்கள். "நாம் எல்லாரும் பாவிகள்" என்கிறீர்கள். தெருவில் 'பாவி' என்பது வசவு, "அடப்பாவி!" 'பாவம்' என்றாலோ இரக்கம், "ஐயோ பாவம், நனைஞ்சுட்டான்." 'விசுவாசம்' பெரும்பாலும் நாய்க்கும் வேலைக்காரருக்கும் சொல்வது. 'ஜெபம்' என்றால் உருத்திராட்சத்தை உருட்டி மந்திரம் சொல்வது நினைவுக்கு வரும். எல்லாவற்றிலும் மோசம் யோவான் 3. "நீங்கள் மறுபடியும் பிறக்க வேண்டும்" என்று நாம் ஆனந்தமாகச் சொல்வோம். பிறவிப் பெருங்கடலை நீந்திக் கடந்துவிட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவருக்கு மறுபிறப்பு என்பது தண்டனை. நல்ல செய்தி என்று ஆரம்பித்து, அவர் எதிலிருந்து தப்பிக்க நினைக்கிறாரோ அதையே பரிசாக நீட்டுகிறோம். "இயேசு மனித அவதாரம் எடுத்தார்" என்றால் அவர் தலையாட்டுவார், பதினொன்றாவது அவதாரமாகச் சேர்த்துக்கொள்வார். தலையாட்டியதைப் பார்த்து "ஏற்றுக்கொண்டார்" என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

சொல் தேடும் வேலை நமக்குப் புதிதல்ல. கடவுளைத் தமிழில் எப்படி அழைப்பது என்று தீர்மானிக்கவே தலைமுறைகள் ஆயின. வேதாகமத்தைத் தமிழாக்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார், அவருக்குப் பின் வந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார், 1871-ன் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது, 1995-ல் வந்த திருவிவிலியம் 'கடவுள்' என்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு சொல்லுக்கு அவ்வளவு பாடுபட்டிருக்க, டீக்கடையில் பேசுகிறவர் ஐந்து சொல்லுக்காவது மெனக்கெடலாம்.

வகுப்பில் செய்ய வேண்டியது இது. ஒவ்வொருவரும் மூன்று நிமிஷப் பேச்சு ஒன்று எழுதட்டும், சுமார் 300 சொல் வரும். அதைப் போனில் பதிவு செய்து, சபைக்கே வராத நண்பர் ஒருவரிடம் போட்டுக் காட்டி, "புரியாத வார்த்தை வந்தா நிறுத்து" என்று கேட்கட்டும். முதல் பதிவில் எத்தனை தடவை நிறுத்துகிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு மாற்றி எழுதட்டும். 'பாவம்' என்ற இடத்தில், "சரி எதுன்னு தெரிஞ்சும் செய்ய முடியாம போகுது, கடைசியில கடவுளையே வேண்டாம்னு திருப்பிக்கிறோம்" என்று வரலாம். 'விசுவாசம்' என்ற இடத்தில் "அவரை நம்பி ஒப்படைக்கிறது." 'கிருபை' என்றால் "தகுதி பார்க்காம கொடுத்தது." இலக்கணம் பார்க்காதீர்கள், அவர் வீட்டில் பேசுகிற தமிழாக இருந்தால் போதும்.

அந்த மூன்று நிமிஷத்தில் என்ன இருக்க வேண்டும்? 1 கொரிந்தியர் 15:3, 4 போதும்: நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். எழுதி வருகிற சாட்சிகளில் உயிர்த்தெழுதல்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. அதன் இடத்தில் வியாதி சுகமான கதை இருக்கும். அது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் "எங்க குலசாமிக்கு நேர்ந்துக்கிட்டேன், எனக்கும் சரியாயிடுச்சு" என்று எதிராளி சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே சமனாகி நின்றுவிடும். சுகத்தோடு தொடங்கலாம், சிலுவைக்கும் காலிக் கல்லறைக்கும் வராமல் முடிக்கக் கூடாது.

பேசுவதற்கு முன் கேட்பது. பிலிப்பு எத்தியோப்பிய மந்திரியின் ரதத்தருகே ஓடிப்போய் முதலில் செய்தது காது கொடுத்ததும், ஒரு கேள்வி கேட்டதும்தான் (அப். 8:30). சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தார், தமிழ்ச் சுவடிகளைச் சேகரித்துப் பட்டியலிட்டார். 1712-லிருந்து அவரும் உடன் ஊழியரும் தமிழர்களிடம் அவர்கள் நம்பிக்கை, வழக்கம் பற்றிக் கேள்வி அனுப்பி, வந்த பதில் கடிதங்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார்கள். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி முடித்த நூலை அச்சிட, அவருக்குப் பின்பலமாக இருந்த ஜெர்மனியின் ஹாலே நகரத்தாருக்கு மனமில்லை, 1867-ல்தான் வெளிவந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய மனுஷர் பக்கத்து வீட்டு நம்பிக்கையை இவ்வளவு படித்திருக்கிறார். நம் குழுவில் எத்தனை பேருக்குத் தங்கள் தெருவிலிருக்கும் கோயிலின் சாமி பெயர் தெரியும்?

இதில் ஒரு சின்ன விஷயம். பொங்கலன்று பக்கத்து வீட்டம்மா சர்க்கரைப் பொங்கல் கொண்டு வருகிறார். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் சபைக்குச் சபை மனச்சாட்சி வேறுபடும். 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை வாசித்து முடிவெடுங்கள். ஆனால் வேண்டாம் என்பதானாலும் கதவை அரைகுறையாகத் திறந்து நின்றபடி "நாங்க சாப்பிட மாட்டோம்" என்று சொல்லாதீர்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், "படைச்சது நாங்க எடுத்துக்கிறதில்ல அக்கா, மனசுல வச்சுக்காதீங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்ல இருபது விநாடி ஆகாது. கிறிஸ்மஸ் கேக்கை அவர் எவ்வளவு மரியாதையாக வாங்கினார் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

ஒருவர் கேட்க ஆர்வமாக இருந்தால் அடுத்தது என்ன? நம்மில் பலர் நேராகச் சபைக்கு அழைக்கிறார்கள். முன்பின் தெரியாத முந்நூறு பேர் நடுவில் இரண்டரை மணி நேரம். அதைவிட மாற்கு சுவிசேஷத்தை இருவருமாக வாசியுங்கள். 16 அதிகாரம், ஒரு முறைக்கு இரண்டு, எட்டு முறை, ஒவ்வொன்றும் 45 நிமிஷம். நாலாவது முறை 8-ம் அதிகாரத்தில் முடியும். "நீர் கிறிஸ்து" என்று பேதுரு சொல்வதும், இயேசு தம் சாவைப் பற்றி முதன்முதலாக வெளிப்படையாகப் பேசுவதும் அங்கேதான். சரியாகப் பாதி வழி. கேள்வி மூன்று போதும்: இயேசுவைப் பற்றி இதில் என்ன தெரிகிறது? எது உறுத்துகிறது? இது உண்மையானால் என்ன மாறும்?

உறுத்தும் இடங்கள் வந்தே தீரும். 5-ம் அதிகாரத்தில் ஏறக்குறைய 2000 பன்றிகள் செத்துப்போவதைப் பற்றிக் கேட்பார். 16-ன் முடிவில், மிகப் பழைய சில கையெழுத்துப் பிரதிகளில் 8-ம் வசனத்தோடு முடிகிறதாமே என்பார், யூடியூபில் பார்த்திருப்பார். ஆமாம், நாலாம் நூற்றாண்டின் இரண்டு முக்கியப் பிரதிகளில் அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். கடினமானது 7:27. பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்று இயேசு ஒரு புறஜாதிப் பெண்ணிடம், அதாவது யூதரல்லாத பெண்ணிடம், சொல்கிறார். ஊருக்கு வெளியே குடியிருந்தவருடைய பேரன் அதை வாசிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். "குட்டி என்பது செல்லமான வார்த்தை" என்று அவசர விளக்கம் வேண்டாம். அந்தப் பெண் எதிர்த்துப் பேசியதையும், "நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம்" என்று அவளுடைய பதிலுக்காகவே பிசாசு பிடித்திருந்த அவள் மகள் விடுதலையானதையும் சேர்த்து வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள். அவர் பேசட்டும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் உரிமையை விசுவாசிகளுக்குக் கொடுங்கள். "நல்ல கேள்வி, எனக்குத் தெரியல, படிச்சிட்டு வியாழக்கிழமை சொல்றேன்" என்ற வாக்கியத்தை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். பயத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துவிடுகிறது. வியாழக்கிழமை மறக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவே.

"வெள்ளைக்காரன் மதம்", "எல்லா ஆறும் ஒரே கடல்தானே" போன்றவற்றுக்குப் புத்தகத்தில் பதில் உண்டு. "உங்க சபையிலயும் ஜாதி இருக்கே" என்பதற்குப் பதில் புத்தகத்தில் கிடையாது. தனிக் கல்லறைத் தோட்டத்தையும், ஜாதி பார்த்து நடக்கும் சேகரத் தேர்தலையும் வைத்துக்கொண்டு வாலிபர்களைத் தெருவுக்கு அனுப்புகிறோம். அவர்கள் தைரியமிழப்பது இந்தக் கேள்வியில்தான், தப்பு அவர்களுடையதல்ல. "ஆமாம், இருக்கு, அது பாவம்" என்று அவர்கள் வெளியே சொன்னால் கமிட்டி கோபித்துக்கொள்ளாது என்றாவது உறுதி கொடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும், வதந்தியில்தான் பயம் வளர்கிறது. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2002 கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் கைவிடப்பட்டது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் சட்டம் அமலில் இருக்கிறது. ஊழியத்துக்கு வடக்கே போகிறவர் அந்தந்த மாநிலச் சட்டத்தை வாசித்துவிட்டே ரயில் ஏறட்டும். இங்கேயும் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் யோக்கியதைக்காகச் சில உண்டு. அரிசிப் பையோடு கைப்பிரதி வேண்டாம். விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பெற்றோர் கையெழுத்தில்லாமல் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். ஆஸ்பத்திரியில் "ஜெபிக்கலாமா?" என்று நோயாளியிடம் கேட்டு, சரி என்றால் இரண்டு நிமிஷம், தாழ்ந்த குரலில். மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவரை அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நாம் பேசவே தயங்குகிற ஒன்று. 1950-ன் அட்டவணைச் சாதியினர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே எஸ்.சி. தகுதி. ஞானஸ்நானம் எடுத்தால் அது போகும். தமிழ்நாட்டில் அப்படி ஞானஸ்நானம் எடுத்தவர் பி.சி. பட்டியலில் வருவார். படிப்பு, வேலை, உள்ளாட்சித் தனித்தொகுதி எல்லாம் இந்த இழப்பில் அடங்கும். ஞானஸ்நானம் எடுத்தபின் எஸ்.சி. சான்றிதழ் கேட்ட புதுச்சேரி வழக்கொன்றில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்த ஆணை அநியாயம் என்று சபைகள் பல காலமாகப் போராடி வருகின்றன, போராடட்டும். ஆனால் தண்ணீரில் இறங்கும் முன் அந்த மனுஷரிடம் இதை உட்கார வைத்துச் சொல்ல வேண்டியது போதகரின் கடமை. "பேப்பர்ல இந்துன்னே இருக்கட்டும்" என்று காதோடு சொல்கிற பழக்கம் இருக்கிறது. தம்மைப் பின்பற்றுமுன் விலையைக் கணக்குப் பார்க்கச் சொன்ன இயேசுவின் பேரில் செய்கிற காரியம் அல்ல அது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இந்த வருஷச் சுவிசேஷ வாரத்துக்கு ஒதுக்கிய பந்தல், மைக்செட் செலவை ஒரு தடவை நிறுத்தி வையுங்கள். ஆராதனை முடிந்ததும் எட்டு ஞாயிறு, ஒரு மணி நேரம், 12 பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கூச்சப்படுகிறவர் பின்வரிசையில் ஒளிந்துகொள்வார். வேதாகமச் சங்கத்தின் மாற்கு தனிப் பிரதி ஆளுக்கு இரண்டு: ஒன்று அவருக்கு, ஒன்று அவர் வாசிக்கப் போகிறவருக்கு. முதல் ஞாயிறு போதகரும் தன் மூன்று நிமிஷத்தைப் பதிவு செய்து, சபைக்கு வெளியே ஒருவரிடம் போட்டுக் காட்டி, எத்தனை இடத்தில் நிறுத்தினார் என்று எண்ணிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
சாட்சிப் பயிற்சி வகுப்புகளை நடத்தும் உடன் ஊழியர்கள்