பரிணாமத்தைக் கடைசி அலகுக்குத் தள்ளாதீர்கள்: உயிரியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பரிணாமம், சூழலியல், பல்லுயிர்ப் பெருக்கம் மூன்றையும் சேர்த்துக் கற்பிக்கும் முதலாண்டு அறிமுகப் பாடத்தைத் திருத்தும் பொறுப்பு உங்களிடம் இருக்கிறது. அந்தப் பாடத்தை வகுப்பிலும் ஆய்வகத்திலும் நடத்துகிறவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். கோரிக்கை இரண்டு. பரிணாமம் முதல் வாரத்திலேயே தொடங்கி மற்ற இரண்டுக்குள்ளும் ஓட வேண்டும். செய்முறை நேரத்தில் ஒரு மணி கூடக் குறையக் கூடாது.

வழக்கமான வரிசை உங்களுக்குத் தெரியும். வகைப்பாடு முதலில், தொகுதி (உயிரினங்களின் பெரும்பிரிவு) தொகுதியாக. அடுத்து உணவு வலை, ஆற்றல் ஓட்டம், தனிம சுழற்சிகள். பரிணாமத்துக்குப் பருவத்தின் கடைசி இரண்டு வாரம். பாடம் பின்தங்கினால் முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டு வாரம்தான். விளைவு, முப்பது தொகுதிப் பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்த மாணவருக்கு, முதலை பல்லியைவிடப் பறவைக்கு ஏன் நெருக்கம் என்று சொல்லத் தெரிவதில்லை. பொது மூதாதை என்ற கருத்து கைக்கு வராதவரை வகைப்பாடு வெறும் பெயர்ப்பட்டியல்தான்.

ஆகவே முதல் வாரம் பரிணாம மரம் படிக்கக் கற்பதில் போகட்டும். மாணவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கிளை நுனிகளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருப்பவை நெருங்கிய உறவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு விளக்கவுரை பலன் தராது, ஒரு முழம் மெல்லிய கம்பி பலன் தரும். தவளை, பல்லி, முதலை, காகம் நான்கையும் நுனியில் கட்டிக் கம்பி மரம் ஒன்று செய்து தொங்கவிடச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கணுவிலும் கிளைகளைத் திருப்பட்டும். காகம் ஒரு முறை பல்லிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், மறுமுறை தவளைக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் காகத்திலிருந்தும் முதலையிலிருந்தும் கம்பி வழியே கீழே இறங்கினால் இரண்டும் சேரும் கணு மாறவே மாறாது. உறவைச் சொல்வது அந்தக் கணு. இது பிடிபட்டால், ‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால் இன்னும் குரங்குகள் ஏன் இருக்கின்றன’ என்ற கேள்வியை மாணவர்களே தீர்த்துக்கொள்வார்கள்.

தமிழில் பாடம் எழுதுகிறவர்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நம் சொற்களே சில இடங்களில் மாணவரைத் தவறாக நடத்திச் செல்கின்றன. ‘பரிணாம வளர்ச்சி’ என்று எழுதியதும், கீழிருந்து மேலே ஏறும் ஏணி மனத்தில் வந்துவிடுகிறது. மெக்சிகோவின் குகைகளில் வாழும் ஒரு மீன் கண்களை இழந்திருக்கிறது. அதே இனத்தின் ஆற்றுமீனுக்குக் கண் இருக்கிறது. இதில் எது வளர்ச்சி? பாடநூலில் ‘பரிணாமம்’ மட்டும் போதும். ‘தக்கன பிழைத்தல்’ என்பதும் பாதி உண்மைதான். பிழைத்து, சந்ததி விடாமல் போனால் அடுத்த தலைமுறையின் மரபணுக் கணக்கில் அதற்கு இடமில்லை. இவை எல்லாவற்றையும்விட ஆழமாகக் குழப்புவது ‘கொள்’ என்ற துணைவினை. ‘பாக்டீரியா மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது’ என்று எழுதும்போது பாக்டீரியாவுக்கு ஒரு விருப்பமும் முயற்சியும் வந்து சேர்ந்துவிடுகின்றன. ‘மருந்தைத் தாங்கும் பாக்டீரியா ஒருசில முன்பே இருந்தன, மற்றவை செத்தன, இவை பெருகின’ என்று எழுதினால் வாக்கியம் நீளும். நீளட்டும், இயங்குமுறை அதில்தான் இருக்கிறது.

அடுத்தது மணி விளையாட்டு. எளிது என்பதாலேயே இதைக் கைவிடும் கல்லூரிகள் பல. ஒரே அளவில் 50 கறுப்பு, 50 வெள்ளை மணிகள். ஒவ்வொரு மணியும் ஓர் அல்லீல், அதாவது ஒரு மரபணுவின் மாற்று வடிவம். பார்வை படாத துணிப்பை ஒன்று. பார்க்காமல் இரண்டு எடுத்தால் ஓர் உயிரி. குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும். இப்படி ஐம்பது முறை. இரண்டும் வெள்ளையாக வந்த உயிரி இறந்ததாகக் கணக்கு. எஞ்சியவற்றில் வெள்ளையின் பங்கைக் கண்டு, அதே விகிதத்தில் பையில் 100 மணி போட்டு அடுத்த தலைமுறையைத் தொடங்க வேண்டும். கணக்குப்படி வெள்ளையின் பங்கு 0.5இலிருந்து 0.33, 0.25, 0.20 என்று இறங்கும். பத்தாவது தலைமுறையில் 0.083. முதல் தலைமுறையில் சட்டென்று விழுந்தது, பிறகு ஏன் நகர மறுக்கிறது என்று கேளுங்கள். 0.083இன் வர்க்கம் ஏறக்குறைய 0.007. ஆயிரத்தில் ஏழு உயிரிகளே இரட்டை வெள்ளை. மீதி வெள்ளை மணிகள் கறுப்போடு சேர்ந்து கலப்பினத்துக்குள் ஒளிந்திருக்கின்றன, இயற்கைத் தேர்வின் கண்ணில் அவை படுவதில்லை. 0.01இலிருந்து 0.005க்கு இறங்க மட்டும் நூறு தலைமுறை வேண்டும்.

கெடுவது எங்கே? எடுத்த மணியைத் திரும்பப் போடாமல் விட்டால் பின்னால் வரும் எண்கள் சாயும். மணிகளின் அளவு வேறுபட்டால் விரல் தானாகவே பெரியதைத் தேடும். நேரம் போதவில்லை என்று ஐம்பதுக்குப் பதில் பத்து உயிரிகளோடு நிறுத்தினால் தேர்வின் போக்கே தெரியாமல் தற்செயல் விலகல் மேலோங்கிவிடும். இந்தக் கடைசிப் பிழையை மட்டும் வேண்டுமென்றே செய்ய வைக்கலாம். பாதிக் குழுக்களுக்கு 50, மீதிக்கு 10 என்று கொடுத்து எல்லாருடைய கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால், சிறிய கூட்டத்தில் தற்செயல் என்ன செய்யும் என்பது ஒரே பார்வையில் விளங்கும்.

இனி ஹார்டி-வைன்பெர்க் சமநிலை: தேர்வு போன்ற எதுவும் குறுக்கிடாவிட்டால் அல்லீல் விகிதங்கள் தலைமுறைதோறும் மாறாது என்ற விதி. பாடநூல்களிலேயே இருக்கும் ஒரு வட்டக் கணக்கை நீக்கும்படி அழுத்தமாகக் கேட்கிறோம். ஒடுங்கு பண்பு (மணி விளையாட்டின் இரட்டை வெள்ளை போல, இரு அல்லீலும் ஒரே வகையானால் மட்டும் வெளிப்படுவது) உள்ளவர்களின் விகிதத்துக்கு வர்க்கமூலம் கண்டு, அதை ஒடுங்கு அல்லீலின் விகிதமான q என்கிறோம். அதே q-வை வைத்து எதிர்பார்க்கும் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, ‘பொருந்துகிறது, எனவே சமநிலை’ என்று முடிக்கிறோம். அது பொருந்தாமல் போகவே முடியாது, ஏனென்றால் சமநிலை உண்டு என்று வைத்துக்கொண்டுதான் வர்க்கமூலமே எடுத்தோம். கலப்பினத்தைக் கண்ணால் பிரித்து எண்ண முடிகிற பண்பு வேண்டும். பயிற்சிக்கு இந்த எண்களைக் கொடுத்துப் பாருங்கள்: 100 செடிகளில் 40 சிவப்பு, 20 இளஞ்சிவப்பு, 40 வெள்ளை. அல்லீல்களை நேரடியாக எண்ணினால் இரண்டும் 0.5. எதிர்பார்ப்பு 25, 50, 25. எதிர்பார்ப்பிலிருந்து எண்ணிக்கை எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்க மதிப்பு 9 + 18 + 9 = 36. தற்செயல் விலகல் என்று ஏற்கும் வரம்பு 3.84 மட்டுமே. சமநிலைக்கு எட்டாத தூரம். அதே செடிகளில் சிவப்பையும் இளஞ்சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து 60 என்று எழுதி வர்க்கமூல வழியில் போனால் கச்சிதமாகப் பொருந்தும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்ய வைத்தால் மாணவர் மறக்க மாட்டார். அந்த வரம்பை முடிவுசெய்யும் கட்டின்மைப் படி (தடையின்றி மாறக்கூடிய எண்ணிக்கைகள் எத்தனை என்பது) இங்கே 1 என்பதையும் சொல்லிக் கொடுங்கள். மூன்று வகையிலிருந்து ஒன்று கழிந்து, அல்லீல் விகிதத்தைத் தரவிலிருந்தே கணித்ததற்காக இன்னொன்றும் கழிகிறது. பலர் 2 என்று எழுதுகிறார்கள்.

பரிணாமத்தையும் சூழலியலையும் ஒரே வகுப்பில் சேர்க்க எடுத்துக்காட்டு தேடுகிறவர்களுக்கு, கலாபகசுத் தீவுகளில் உள்ள டாஃப்னே மேஜர் என்ற சிறு தீவில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இருவரும் 1973 முதல் செய்த ஆய்வு இருக்கிறது. 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்தன. மிஞ்சியது நெருஞ்சி இனச் செடி ஒன்றின் கெட்டியான முட்காய். நடுத்தர நிலக்குருவிகளில் சுமார் 85 சதவீதம் மறைந்தன. பிழைத்தவற்றின் அலகுத் தடிமன் சராசரியாக அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. அந்தப் பண்பு பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு இறங்குவது என்பதால் அடுத்த தலைமுறையின் அலகும் தடித்தது. 1983இல் எல் நினோ பெருமழை பெய்து சின்ன விதைகள் பெருகியபின் தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. மழை, விதை, போட்டி, இறப்பு எல்லாம் சூழலியல். அலகும் மரபுவழியும் பரிணாமம். இதை எந்தப் பாட அலகில் சேர்ப்பது என்று குழுவில் வாதம் வந்தால், பாட அலகுகளைத்தான் மாற்ற வேண்டும். பரிணாமத்தைக் கண்ணால் காண முடியாது என்பவர்களுக்கு ரிச்சர்ட் லென்ஸ்கியின் பாக்டீரியாச் சோதனை போதும். 1988இல் தொடங்கிய பன்னிரண்டு ஈ. கோலைக் கூட்டங்கள் அவை. நாள்தோறும் நூறில் ஒரு பங்கு புதிய ஊடகத்துக்கு மாறும், அதனால் நாளொன்றுக்கு 6.6 தலைமுறை.

பல்லுயிர்ச் செய்முறைக்கு வருவோம். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை முதுகுப்புறமாக வீசுவது தற்செயல் தேர்வு ஆகாது. வீசுகிறவர் முள்ளையும் சேற்றையும் தவிர்ப்பார், சட்டமும் புதருக்குள் விழாது. 20 மீட்டருக்கு 20 மீட்டர் இடத்தின் இரண்டு ஓரங்களில் அளவு நாடா விரித்து, தற்செயல் எண் அட்டவணையிலிருந்து இரண்டிரண்டு எண் எடுத்து, அவை காட்டும் இடத்தில் சட்டத்தை வைக்க வேண்டும். விளிம்பில் நிற்கும் செடிக்கு முன்கூட்டியே ஒரு விதி வேண்டும்: இடது, கீழ் விளிம்பில் வேரூன்றியதை எண்ணு, மற்ற இரண்டையும் விடு. விதி இல்லாவிட்டால் விளிம்பில் உள்ள எல்லாவற்றையும் எண்ணிவிடுவார்கள், அடர்த்தி கூடிப்போகும். பெயர் தெரியாத செடிக்கு ‘இனம் அ’, ‘இனம் ஆ’ போதும், ஓர் இலையை ஒட்டி வைத்துக்கொண்டால் சரி. நாற்றையும் முதிர்ந்த செடியையும் இரண்டு இனமாக எண்ணுவதுதான் இதில் அடிக்கடி வரும் பிழை. சட்ட எண்ணிக்கைக்கு எதிராக மொத்த இன எண்ணிக்கையைக் கோடாக வரைந்து, பத்தாவது சட்டத்திலும் கோடு ஏறிக்கொண்டே இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

பிறகு ஷானன் குறியீடு: எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்ற இரண்டையும் ஒரே எண்ணில் சொல்லும் அளவு. சூத்திரத்தைக் கொடுத்துவிட்டு எண்ணைக் கேட்டால் எண் வரும், அதன் பொருள் வராது. ஐந்து இனங்கள், இனத்துக்கு இருபது செடி வீதம் உள்ள இடத்தையும், அதே ஐந்து இனங்கள் 96, 1, 1, 1, 1 என்று உள்ள இடத்தையும் பக்கத்தில் வையுங்கள். முதலாவது 1.61, இரண்டாவது 0.22. இயற்கை மடக்கையின் அடிமானமான e-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தினால் முதலாவது 5, இரண்டாவது 1.25. அதாவது இரண்டாம் இடம் பட்டியலில் ஐந்து இனம், நடப்பில் ஒரே இனத்தைச் சற்றுத் தாண்டியது. வகுப்பில் ஒருவர் 0.70 என்று காட்டினால் அவர் பத்தடிமான மடக்கை எடுத்திருக்கிறார்.

ஒரு கூட்டத்தின் மொத்த எண்ணிக்கையைக் கணிக்க, குறியிட்டு மறுபடி பிடிக்கும் முறைக்கு நத்தை ஏற்றது. 50 நத்தைக்குக் குறியிட்டு விட்டு, மறுமுறை பிடித்த 60இல் 12இல் குறி இருந்தால் கணிப்பு 50 × 60 ÷ 12 = 250. மூன்று நத்தையின் குறி அழிந்து 9 மட்டும் தெரிந்திருந்தால் 333 என்று ஏறிவிடும். வண்ணம் நன்றாகக் காய்வதற்கு முன் நத்தையை விடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். தொகுதிப் பட்டியலில் இருக்கிறது. ஏழெட்டுத் தொகுதிகளை உடலமைப்போடு நன்றாகப் பார்த்துவிட்டு, மீதியை மரத்தில் அவற்றின் இடம் காட்டி விடலாம். ஒவ்வொன்றின் பொதுப்பண்புகளையும் பத்து வரியில் எழுதும் ரெக்கார்டு வேலையைக் குறைத்தாலே நான்கு செய்முறை வகுப்பு மிஞ்சும். பதினான்கு வாரத்துக்கு வாரம் மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். ஒன்றரை மணியாகப் பிரித்தால் சதுரச் சட்ட வேலை இடத்தை அளப்பதோடு நின்றுவிடும்.

வினாத்தாள் மாறாமல் இவை எதுவும் நிலைக்காது. ‘ஹார்டி-வைன்பெர்க் விதியின் ஐந்து நிபந்தனைகளைக் கூறுக’ என்று தேர்வு கேட்கிறவரை வகுப்பும் அந்த ஐந்தையே ஒப்பிக்கும். மாதிரிக்கு ஒரு வினா: ‘ஐந்தாண்டு தெளித்தபின் இந்தப் பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிட்டன, எனவே சாவதில்லை. இவ்வாக்கியத்தில் உள்ள பிழையைக் காட்டி, திருத்தி எழுதுக. உங்கள் திருத்தம் சரிதானா என்று சோதிக்க, மருந்தே படாத ஒரு பூச்சிக் கூட்டத்தில் என்ன அளப்பீர்கள்?’ இதுபோன்ற இருபது வினாக்களும், மேலே சொன்ன செய்முறைகளின் படிப்படியான குறிப்புகளும், மதிப்பெண் திட்டத்தோடு எங்களிடம் தயாராக இருக்கின்றன. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அவற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
முதலாண்டு உயிரியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்