லோடு ஏற்றினால் இழுவை போகும் டீசல் பிக்கப்: வாரன்டி இருந்தும் சரிசெய்து தராதது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா, வணக்கம்.

உங்கள் டீசல் பிக்கப்பை வாங்கி, திருவையாற்றிலிருந்து தாராசுரம் மார்க்கெட்டுக்கு வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிப் பிழைப்பவன் நான். வாரன்டி இன்னும் முடியவில்லை. லோடோடு ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானதும், பாலம் ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது. எவ்வளவு மிதித்தாலும் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) 2000-ஐத் தாண்டாது, இன்ஜின் லைட் எரியும். ஓரங்கட்டி, ஆஃப் செய்து, கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் பழையபடி ஓடும். தினமும் வராது. வருகிற நாளில் விடாது.

இது லிம்ப் மோட், அதாவது ஏதோ கோளாறு என்று கண்டு இன்ஜின் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏன் அதற்குப் போகிறது என்பதுதான் கேள்வி. டீசல் ஃபில்டர் அடைப்பா, லைனில் காற்று இழுக்கிறதா, டீசல் அழுத்தத்தை அளக்கிற ரெயில் பிரஷர் சென்சாரா, டர்போ ஹோஸில் லீக்கா, ஒயரிங் எங்காவது உரசுகிறதா? ஸ்கேனரை மாட்டி, லோடோடு ஓட்டி, இன்ஜின் கேட்கும் டீசல் பிரஷர் எவ்வளவு, கிடைப்பது எவ்வளவு என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். உங்கள் சர்வீஸ் சென்டரில் செய்தது, வெறும் வண்டியை யார்டுக்குள் ஒரு சுற்று சுற்றியது. காய்ச்சல் விட்டபிறகு தெர்மாமீட்டர் வைக்கிற மாதிரி. அப்புறம் வண்டியில் பதிவாகியிருந்த பழுதுக் குறியீட்டை (எரர் கோடு) அழித்துவிட்டு, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் 'ஓகே' என்று எழுதிவிட்டார்கள். என்ன கோடு என்று கேட்டால் குறித்து வைக்கவில்லையாம்!

அங்கே வாடிக்கையாளரிடம் குறை கேட்டு வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தப் பக்கம் பூரா சமதரை, இதுல என்ன இழுவை வேணும்? ஓவர்லோடு அடிக்கிறீங்க. ஓட்டத் தெரிஞ்ச டிரைவரைப் போடுங்க" என்றார். எடைமேடை ரசீதை நீட்டினேன், கையில்கூட வாங்கவில்லை. வண்டியை ஓட்டுவதே நான்தான் ஐயா. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வர வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க, வெட்டாற்றுப் பாலத்தில் நான் ஊர்ந்துபோன அன்று அவர் பக்கத்து சீட்டில் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் ஃபில்டரை மாற்றி அதற்கும் பணம் வாங்கினார்கள். வாரன்டியில் வராதாம். சரி, கொடுத்தேன். மறுவாரமே கபிஸ்தலத்தில் நின்றது. வைகாசி முகூர்த்தத்துக்குப் போன இலை அத்தனையும் வெயிலில் சுருண்டு, வியாபாரி கட்டைப் பிரிக்காமலே திருப்பிவிட்டார். லட்சக்கணக்கில் நஷ்டம், தொழிலே போச்சு. உங்கள் டோல்ஃப்ரீ ஆட்கள் "புகார் முடிக்கப்பட்டது" என்று மெசேஜ் அனுப்புகிறார்கள். யார் முடித்தது?

தயவுசெய்து விவரம் தெரிந்த ஒரு டெக்னீஷியனை ஸ்கேனரோடு அனுப்புங்கள். லோடு நான் ஏற்றித் தருகிறேன், கும்பகோணம் வரை கூட வரட்டும். கோடு வந்தால் அழிக்காமல் எனக்கு ஒரு பிரதி தரட்டும். பழுதான பாகத்தை வாரன்டியிலேயே மாற்றுங்கள், ஃபில்டர் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த அட்வைசரிடம் இனி என் வண்டியை விடமாட்டேன்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவாகும். அதோடு நிற்காது. ஜாப் கார்டு, பில், எடைமேடை ரசீது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடுவேன். அதற்கு இடம் வைக்காமல் நீங்களே முடித்துக் கொடுப்பீர்கள் என்று இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
திருவையாறு

இணைப்பு: ஜாப் கார்டுகள், ஃபில்டர் பில், எடைமேடை ரசீது (நகல்கள்)