மாயர்களின் அடுப்படிக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பழைய குடிகளான மாயர்களின் நாகரிகம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். டிக்கால் நகரத்துக் கோபுரங்கள், சிச்சேன் இட்சா நகரம், நரபலி, அரசர்களின் சண்டை எல்லாம் விறுவிறுப்பாக இருந்தன. ஆனால் அத்தனை பக்கத்திலும் ஒரு மாயர்கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

அரசர்கள் தங்கள் கதையைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். குடியானவன் வீட்டு மண்சுவரும் புல் கூரையும் அந்த ஈர மண்ணில் மக்கிப் போயின. கட்டுரையாளரை முழுக்கக் குறை சொல்ல முடியாது, சரி. ஆனால் மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் ஹோயா தெ செரென் என்று ஓர் இடம் இருக்கிறது. மாயர் நிலத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருந்த சின்ன விவசாயக் கிராமம். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டர்கூடத் தள்ளியில்லாத லோமா கால்தேரா எரிமலை வெடித்து ஊரையே சாம்பலில் புதைத்துவிட்டது. 1976இல் தானியக் கிடங்கு கட்ட புல்டோசர் விட்டபோதுதான் வெளியே தெரிந்தது. பேசன் ஷீட்ஸ் என்ற தொல்லியலாளர் பல ஆண்டுகள் அங்கே தோண்டினார். 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே கிடைத்தவற்றைப் படித்தால் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். கூரையிலிருந்து மிளகாய்ச் சரம் தொங்குகிறது. பானையில் பயறு. குழந்தைகள் கைக்கு எட்டாதபடி எரிமலைக் கண்ணாடிக் கத்தியைக் கூரைப் புல்லில் செருகி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட பாத்திரம் கழுவவில்லை, சுருட்டிய பாயை இன்னும் விரிக்கவில்லை. அதை வைத்துத்தான் வெடித்த நேரம் இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே என்று கணக்கிட்டார்கள். மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள். கட்டிப் போட்டிருந்த ஒரு வாத்துதான் பாவம், மாட்டிக்கொண்டது.

படுக்க ஒரு கட்டடம், சமைக்க ஒன்று, சாமான் வைக்க ஒன்று என்று ஒரு குடும்பத்துக்கே தனித்தனியாக. ஊருக்குப் பொதுவாக மண் குவிமாடம் போட்ட நீராவிக் குளியலறை வேறு. மக்காச்சோளம் அரைக்கும் அம்மியைக் கவைக்கம்புகள் மேல் தூக்கி வைத்து, நின்றபடியே அரைத்திருக்கிறார்கள். குனிந்து அரைத்து இடுப்பு விட்டுப்போனவள் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

அந்த மக்காச்சோளத்தை மாயர்கள் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைத்தார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள பி3 வைட்டமின் உடம்பில் ஒட்டும். மக்காச்சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளுக்கு பெல்லாக்ரா என்ற நோய் வந்தது. இது ஒன்றே தனிக் கட்டுரைக்குத் தாங்கும்.

நாங்கள் ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு போடுகிறவர்கள். மரவள்ளி என்றால்தான் மற்றவர்களுக்குப் புரியும். மிளகாயைப் போல அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்ததுதான். செரெனில் 2007இல் மரவள்ளி வயலையே கண்டுபிடித்தார்கள். செடி மக்கிப் போனாலும் அது இருந்த இடம் சாம்பலில் குழியாக நின்றிருக்கிறது. அதில் பற்களுக்கு அச்செடுக்கும் மாவை ஊற்றி உருவத்தை எடுத்தார்கள். கிழங்கைப் பிடுங்கிவிட்டு, அடுத்த வெள்ளாமைக்குக் குச்சியை வெட்டிப் பாத்தியில் படுக்கவைத்துப் புதைத்திருக்கிறார்கள். நாங்கள் நட்டமாக ஊன்றுவோம். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், "படுக்கப் போட்டாலும் முளைக்கும்" என்றார்.

அப்புறம் ஒரு திருத்தம். "மாயர்கள் மர்மமாக மறைந்தார்கள்" என்று முடித்திருக்கிறீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டுவாக்கில் தெற்கே டிக்கால் போன்ற நகரங்கள் காலியானது உண்மை. மக்கள் எங்கும் மறையவில்லை. குவாத்தமாலாவிலும் மெக்சிகோவிலும் இன்றும் லட்சக்கணக்கானோர் மாயா மொழிகள் பேசுகிறார்கள். 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரிகோபெர்த்தா மெஞ்சூ அவர்களில் ஒருவர்.

அடுத்த பகுதி மாயர் காலண்டர் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் காலண்டரைச் சொல்லி 2012இல் உலகம் அழியும் என்று கிளம்பிய புரளிக்கு இரண்டு வரி போதும். குவாத்தமாலா மலையூர்களில் 260 நாள் காலண்டரை இன்றும் எண்ணி நாள் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மிச்சப் பக்கத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.