லிமோன்செல்லோவுல சாறே கிடையாது சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல லிமோன்செல்லோ, அதாவது இத்தாலிக்காரங்க எலுமிச்சம்பழத்துல செய்யற இனிப்பு மது பத்தி செய்முறையோட அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, பார்த்ததும் சந்தோஷமா இருந்துச்சு, நான் இங்க இத்தாலில நேப்பிள்ஸ் பக்கம் எட்டு வருஷமா இருக்கேன், இந்த ஊர் சமாச்சாரம் தமிழ் பேப்பர்ல வருதேன்னு ஆசையா படிக்க ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரியிலயே "பத்து எலுமிச்சம்பழத்தைச் சாறு பிழிந்து"ன்னு இருக்கு. சார், லிமோன்செல்லோவுல சாறே கிடையாது. ஒரு சொட்டு கூட. எல்லாமே தோல்தான், அதுவும் மேல இருக்கிற மஞ்சள் மட்டும். வாசனை எண்ணெய் பூரா அந்த மஞ்சள்லதான் இருக்கு, அதை ஸ்பிரிட், அதாவது சுத்தமான ஆல்கஹால், இழுத்து எடுக்கணும். சாறை ஊத்தினா புளிப்பா ஏதோ ஒரு ஜூஸ் கிடைக்கும், லிமோன்செல்லோ கிடைக்காது.

படம் அதுக்கும் மேல. சின்னதா உருண்டையா பச்சையா ஒரு பழம் போட்டிருந்தீங்க. அது இந்தப் பழமே இல்ல. இங்க பக்கத்துல அமால்ஃபி கடற்கரைல விளையறதுக்கு ஸ்ஃபுசாத்தோன்னு பேரு, நீளமா, ரெண்டு முனையும் கூரா, ஒரு கையில ஒண்ணுதான் பிடிக்க முடியும், தோல் நல்ல தடிமனா இருக்கும். பக்கத்து ஊர் சொரெண்டோ பழம் கொஞ்சம் முட்டை வடிவத்துல இருக்கும். ரெண்டுக்குமே ஐரோப்பிய யூனியனோட ஊர்ப்பேர் பாதுகாப்பு இருக்கு, அந்தந்தப் பகுதில விளைஞ்ச பழத்துக்கு மட்டும்தான் அந்தப் பேரை போடலாம், சொரெண்டோவுக்கு 2000ல, அமால்ஃபிக்கு 2001ல குடுத்தாங்க. ஆனா லிமோன்செல்லோங்கிற பேருக்கு அப்படி எதுவும் இல்ல, யாரு வேணா எங்க வேணா செஞ்சு அந்தப் பேரை ஒட்டிக்கலாம், அதனாலதான் டூரிஸ்ட் கடைல பளபளன்னு மஞ்சள் கலர் ஏத்தின பாட்டிலெல்லாம் விக்கிறாங்க. அதை வாங்கி குடிச்சவங்கதான் "இருமல் மருந்து மாதிரி இருக்கு"ன்னு சொல்றது.

எனக்கு கத்துக்குடுத்தது மேல் மாடில இருக்கிற ஒரு பாட்டி. என் முதல் பாட்டிலை அவங்கட்ட பெருமையா நீட்டினேன், நாக்குல வெச்ச உடனே முகம் கோணிடுச்சு, கசப்பு. காரணம் சிம்பிள், பீலரை அழுத்தி சீவி மஞ்சளுக்கு அடியில இருக்கிற வெள்ளையையும் சேர்த்து போட்டிருக்கேன். "வா, கீழ உக்காரு"ன்னு சொல்லி அவங்களே சீவி காட்டினாங்க, தோலை வெளிச்சத்துல பிடிச்சு பார்த்தா உள்பக்கம் கூட மஞ்சளா தெரியணும், வெள்ளை தெரிஞ்சா சின்ன கத்தியால சுரண்டி எடுத்துட்டுதான் ஜாடில போடறாங்க. பழம் வாங்கறப்போ பெட்டில இத்தாலியன்ல "புச்சா நோன் எதீபிலே"ன்னு எழுதியிருக்கான்னு பாக்க சொன்னாங்க, தோலை சாப்பிடக்கூடாதுன்னு அர்த்தம், மெழுகும் மருந்தும் அடிச்சது, அந்தப் பெட்டிப் பக்கமே போகக்கூடாது.

அடுத்தது, வோட்கா போதும்னு எழுதியிருக்கீங்க. இங்க சூப்பர்மார்க்கெட்லயே மாவு சர்க்கரை இருக்கிற வரிசைல 95, 96 சதவீதம் சுத்தமான ஆல்கஹால் பாட்டில் நிக்கும், வீட்ல லிக்கர் செய்யறவங்களுக்காகவே விக்கிறது. வோட்கா 40தான், அதுல எண்ணெய் மெதுவாதான் இறங்கும், மேல சர்க்கரைத் தண்ணியும் சேர்ந்தா ரொம்ப நீர்த்துப்போயி ஃப்ரீசர்ல வெச்சா ஐஸ் கட்டிடும். பாட்டி கணக்கு இது: ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு பத்து பழத்தோட தோல், அப்புறம் பாகு காய்ச்ச ஒன்றரை லிட்டர் தண்ணி, 800 கிராம் சர்க்கரை. முடிவுல 30 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல நிக்கும், ஃப்ரீசர்ல உறையாது, எண்ணெய் மாதிரி கெட்டியா ஊத்தும்.

எத்தனை நாள் ஊறணும்கிறதுல இந்த பில்டிங்லயே ஒத்துமை கிடையாது. ஒருத்தர் ஏழு நாள்ங்கறார், ஒருத்தர் நாப்பதுங்கறார். பாட்டி நாளே எண்ண மாட்டாங்க, ஒரு தோலை வெளிய எடுத்து மடிக்கிறாங்க, அது காஞ்ச சருகு மாதிரி டக்குனு ஒடிஞ்சா ஆச்சு, அதுக்குள்ள தோல் வெளுத்துப்போயி கலர் பூரா ஸ்பிரிட்டுக்கு வந்திருக்கும். ஜாடி இருட்டுல இருக்கணும், அவங்க வீட்ல துணி பீரோ உள்ள, கோட்டுக்கெல்லாம் நடுவுல.

முக்கியமா ஒண்ணு, "கொதிக்கும் பாகை ஊற்றவும்"னு போட்டிருக்கீங்களே, தயவுசெஞ்சு திருத்தம் போடுங்க சார். 96 சதவீத ஸ்பிரிட் மேல கொதிக்கிற பாகு விழுந்தா ஆவி குப்புனு கிளம்பும், பக்கத்துல அடுப்பு எரிஞ்சா பத்திக்கும். பாகு முழுசா ஆறி, கை வெச்சா ஜில்லுனு இருக்கணும், அப்புறம்தான் கலக்கணும். அந்த நேரத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன், கண்ணாடி மாதிரி தெளிவா இருந்த மஞ்சள் தண்ணி பாகு இறங்க இறங்க பனி மூடின மாதிரி மங்கிடும். ஸ்பிரிட்ல கரைஞ்சிருந்த எண்ணெய், தண்ணி சேர்ந்ததும் கரைய இடமில்லாம பொடிப்பொடி துளியா பிரிஞ்சு நிக்குது, அதான் மங்கல். கெட்டுப்போச்சோன்னு முதல் தடவை நான் கொட்டவே போயிட்டேன்.

இது சாராயம் காய்ச்சறதான்னு ஊர்ல இருந்து போன்ல கேக்கறாங்க. இல்ல. கடைல வாங்கின ஆல்கஹால்ல ஊற வெக்கிறது அவ்ளோதான், காய்ச்சி வடிக்கிறதுதான் இங்கயும் லைசென்ஸ் இல்லாம தப்பு. குடிக்கிறதும் சாப்பாடு முடிஞ்சு, ஒரு குட்டி கிளாஸ், கிளாஸும் ஃப்ரீசர்ல இருந்து வெள்ளையா பூத்து வரணும். ரெண்டாவது கிளாஸ் கேட்டா பாட்டி பாட்டிலை உள்ள வெச்சுடுவாங்க, கெஞ்சினாலும் நடக்காது.

குடி சமாச்சாரம்னு இந்த லெட்டரை ஓரம் கட்டினாலும் பரவால்ல, அந்தப் பாகு மேட்டரை மட்டும் சின்னதா ஒரு பெட்டி கட்டி போட்டுடுங்க. சாறுதான் வேணும்னு யாராவது அடம் பிடிச்சா, தோல் சீவின பத்து பழமும் அப்படியே மீதி இருக்கும், ரெண்டு நாள்ல காஞ்சுடும், அதை பிழிஞ்சு ஐஸ் ட்ரேல ஊத்தி வெச்சுக்கலாம்.

இப்படிக்கு,
நேப்பிள்ஸ் பக்கத்து வாசகன்